எழுத்து விவாதமும் கண்ணியமும்
(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவர் ஒருவர்)

நேரில் பேசும்பொழுது சொல்லுக்கு முகம் துணை நிற்கிறது. "இதுகூடத் தெரியாதா?" என்று நண்பன் சிரித்துக்கொண்டே கேட்டால் நாமும் சிரித்துவிடுகிறோம். அதே சொற்களைத் தாளில் எழுதிப் பலர் வந்து போகும் இடத்தில் வைத்துவிட்டால், சிரிப்பு எழுதியவனோடு போய்விடுகிறது; சொல் மட்டும் அங்கே தங்கிவிடுகிறது. பலர் பார்வையில் எழுத்தால் விவாதிப்பதற்கு எனத் தனி முறை ஒன்று வேண்டும் என்பதை நான் இக்கல்வியாண்டில்தான் உணர்ந்தேன். உணர்ந்த விதம் எனக்குப் பெருமை தருவதன்று.

எங்கள் துறைத் தாழ்வாரத்தில் வினாப் பலகை ஒன்று உண்டு. ஐயம் உள்ளவர் தாளில் எழுதிக் குத்தி வைப்பார். விடை தெரிந்தவர் அதன் கீழே எழுதுவார். பெயர் குறிப்பிட வேண்டும் என்ற கட்டாயமில்லை. சென்ற ஆகஸ்டு மாதம் முதலாண்டு மாணவர் ஒருவர் அதில் ஒரு வினா எழுதியிருந்தார். முப்பட்டகத்தில் பிரிந்து வந்த பச்சை ஒளியை மட்டும் இரண்டாவது முப்பட்டகத்தில் செலுத்தினால் அது திசை மாறுகிறதே தவிர மேலும் பல நிறங்களாகப் பிரிவதில்லை. அப்படியானால் முதல் முப்பட்டகம் செய்த வேலைதான் என்ன? நிறத்தை உண்டாக்கியதா, முன்பே இருந்த நிறத்தைப் பிரித்ததா? இதுவே வினா.

நான் சிவப்பு மையில் விடை எழுதினேன். "பள்ளிப் பாடத்தை மறுபடியும் படித்துவிட்டு வரவும். பச்சை முதன்மை நிறம், ஆகவே பிரியாது." இரண்டே வரி. நண்பகலுக்குள் என் விடையின் கீழ் மூவர் கேலி எழுதிச் சேர்த்துவிட்டனர். மறுநாள் காலை அந்தத் தாளைக் காணவில்லை. எழுதியவரே கிழித்துச் சென்றுவிட்டார். அதன் பிறகு ஏறக்குறைய ஏழு வாரங்கள் பலகை வெறுமையாகவே இருந்தது.

பேராசிரியர் ஒருவர் என்னை அழைத்தார். அவர் கடிந்துகொள்ளவில்லை. "தம்பி, பச்சைக்குப் பதிலாக ஆரஞ்சு ஒளியைச் செலுத்திப் பார்த்தாயா? அது முதன்மை நிறம் இல்லையே, அது பிரிகிறதா?" என்று கேட்டார். நிறமாலையிலிருந்து எடுத்த ஆரஞ்சு ஒளியும் பிரியாது. என் விடை தவறு என்பது அப்பொழுதுதான் எனக்கு விளங்கியது. "அந்தப் பையன் கேட்டது முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் பெரிய மேதைகள் மோதிக்கொண்ட கேள்வி. அதைப் படித்துவிட்டு வா" என்று அனுப்பி வைத்தார். படித்ததையே இங்கு என் சக மாணவர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இலண்டன் இராயல் கழகம் 1660-இல் தோன்றியது. அதன் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க் என்பவர் ஜெர்மனியின் பிரெமன் நகரில் பிறந்தவர். ஐரோப்பா முழுவதிலுமுள்ள அறிஞர்களிடமிருந்து கடிதங்களைப் பெறுவதும், பிரதி எடுத்து உரியவர்களுக்கு அனுப்புவதும், கூட்டத்தில் படிப்பதும், 1665-இல் தாம் தொடங்கிய இதழில் வெளியிடுவதும் அவர் பணி. வெளிநாட்டுக் கடிதப் போக்குவரத்தால் ஐயத்துக்கு ஆளாகி 1667-இல் சிறிது காலம் சிறையிலும் இருந்தார். ஒருவர் எழுதுவார், பலர் படிப்பார்கள், வேண்டியவர் மறுப்பு எழுதுவார், அந்த மறுப்பையும் பலர் படிப்பார்கள். எங்கள் துறைப் பலகைக்கும் அதற்கும் அளவில்தான் வேறுபாடு.

1672 பிப்ரவரி 6-ஆம் நாள் ஐசக் நியூட்டன் ஓல்டன்பர்க்குக்கு ஒளியையும் நிறத்தையும் பற்றி ஒரு கடிதம் எழுதினார். (அக்கால இங்கிலாந்தில் ஆண்டு மார்ச்சு மாதம் பிறந்ததால் சில நூல்களில் 1671 என்று காணப்படும், குழம்ப வேண்டாம்.) அப்பொழுது அவருக்கு வயது 29. வெண்ணொளி என்பது தனிப்பொருளன்று, வெவ்வேறு அளவில் விலகும் கதிர்களின் கலவை. முப்பட்டகம் நிறத்தை ஆக்குவதில்லை, பிரிக்கிறது என்பது அவர் முடிவு. இரண்டு முப்பட்டகங்களைக் கொண்டு செய்த சோதனையே அவர் காட்டிய சான்று. எங்கள் முதலாண்டு மாணவர் கேட்டதும் இதே சோதனையைப் பற்றித்தான்!

பிப்ரவரி 8-இல் கடிதம் கழகத்தில் படிக்கப்பட்டது. அதை ஆராய்ந்து கருத்துக் கூறும் பொறுப்புப் பெற்றவர்களுள் ஒருவர் இராபர்ட் ஹூக். சாதாரண மனிதரல்லர், உருப்பெருக்கியில் கண்டவற்றைப் படங்களுடன் விளக்கி 1665-இல் 'மைக்ரோகிராஃபியா' என்ற நூலை வெளியிட்டவர், கழகத்தின் சோதனைகளுக்குப் பொறுப்பாளர். ஒரே வாரத்தில், 15-ஆம் நாள், அவருடைய மறுப்பும் படிக்கப்பட்டது. கடிதத்தைப் படித்து விடை எழுதத் தமக்குக் கிடைத்தது மூன்று, நான்கு மணி நேரந்தான் என்று அவரே பின்னர் எழுதியுள்ளார். என் சிவப்பு மை விடைக்கு மூன்று நிமிடம் ஆகியிருக்கும்.

அவசரத்தின் விளைவைப் பாருங்கள். சோதனைகள் சரியே, நானும் செய்து பார்த்திருக்கிறேன், முடிவை மட்டும் ஏற்க இயலாது என்றார் ஹூக். நிறம் என்பது ஒளியின் துடிப்பு விலகலில் சிதைவதால் பிறக்கிறது என்பது அவர் கொள்கை. நியூட்டனின் கடிதத்தில் ஒளி ஒரு பொருள் என்ற கருத்துப்பட ஒரு வரி இருந்தது. அதுவே அக்கடிதத்தின் மையம் என எடுத்துக்கொண்டு ஹூக் அதைத் தாக்கினார். உண்மையில் ஒளி பொருளா அலையா என்பது ஒரு கேள்வி. வெண்ணொளி கலவையா அன்றா என்பது வேறொரு கேள்வி. எதிரே இருப்பவர் என்ன சொன்னார் என்பதை முதலில் தம் சொற்களில் திருப்பி எழுதிப் பார்த்திருந்தால் ஹூக்குக்கு இது தெரிந்திருக்கும். மறுப்பு எழுதுவோர்க்கு இதைவிடப் பயனுள்ள பழக்கம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

குற்றம் முழுவதும் ஹூக்கினுடையதன்று. பாடநூல்களைப் படித்து நியூட்டனைத் தெய்வமாக்கி வைத்திருக்கும் நமக்கு இது சற்றுக் கசக்கும். அவர் முதல் கடிதத்தை எழுதிய பாங்கே ஐயத்துக்கு இடங்கொடாத பாங்கு. பல சோதனைகள் செய்தவர் மிகச் சிலவற்றையே குறிப்பிட்டார். மற்றவர் திரும்பச் செய்து பார்ப்பதற்கு வேண்டிய நுணுக்கங்களைப் போதிய அளவு தரவில்லை. பிரான்சில் மரியாட் என்ற தேர்ந்த சோதனையாளர் 1681-இல் முயன்றும் அவருக்கு அதே முடிவு கிடைக்கவில்லை.

ஹூக்குக்கு விடை எழுத நியூட்டன் ஏறத்தாழ நான்கு மாதம் எடுத்துக்கொண்டார். காலம் தாழ்த்தினால் சினம் தணியும் என்பார்கள், இவருக்கு ஏறியது. இடையில் ஓல்டன்பர்க், அச்சிடும்போது எதிர்வாதம் செய்தவர்களின் பெயர்களை விட்டுவிடலாமே, கருத்துக்கு மட்டும் விடை கூறலாமே என்று யோசனை சொன்னார். எவ்வளவு நல்ல யோசனை! நியூட்டன் இணங்கவில்லை. ஜூன் 11-ஆம் நாள் அவர் அனுப்பிய நீண்ட விடையில் ஹூக்கின் பெயர் மீண்டும் மீண்டும் வந்து குத்துகிறது. அவ்விடை நவம்பரில் இதழில் அச்சாயிற்று. ஹூக்கின் மறுப்போ அச்சாகவில்லை. மறுப்பைக் காணாத வாசகர்கள் அதற்கான அடியை மட்டும் கண்டார்கள்.

இதே ஆண்டில், இதே கடிதத்தைப் பற்றி வேறொரு விவாதமும் நடந்தது. பாரிசில் பேராசிரியராக இருந்த பார்தீ என்ற ஏசு சபைத் துறவியும் ஐயம் எழுப்பினார். நிறமாலை நீண்டு விழுவதற்குச் சூரியனின் இரு விளிம்புகளிலிருந்து வரும் கதிர்கள் வெவ்வேறு கோணத்தில் விழுவது காரணமாகலாமே என்று கேட்டார். குறிப்பான ஐயம், கணக்கிட்டு விடை கூறத்தக்க ஐயம். அவர் நியூட்டனின் முடிவைக் 'கருதுகோள்' என்று குறிப்பிட்டது நியூட்டனுக்குச் சுருக்கென்றது. அதையும் சொன்னார், ஐயத்துக்கும் கணக்கோடு விடை தந்தார். பார்தீ என்ன செய்தார்? முதலில் வாய்க்கு வந்த சொல்லை எழுதிவிட்டேன், இழிவுபடுத்தும் எண்ணமில்லை என்று வருத்தம் தெரிவித்து, மேலும் ஒரு ஐயம் கேட்டு, அதற்கும் விடை பெற்று, தாம் நிறைவடைந்ததாக எழுதிவிட்டார். எனக்கு இவ்விவாதத்தில் மிகவும் பிடித்த மனிதர் இவர்தாம். நியூட்டனின் மனத்தை மாற்ற முடியாது என்று சொல்பவர்கள், நியூட்டனோடு ஒருவர் எப்படிப் பேசினார் என்பதையும் பார்க்க வேண்டும். பார்தீ அடுத்த ஆண்டே காலமானார்.

ஹாலந்து நாட்டு ஹைகன்ஸும் ஐயம் எழுப்பினார். அவருக்கு வந்த விடையின் சூட்டைக் கண்டு, இவ்வளவு வேகத்தோடு தம் கருத்தைக் காப்பவரோடு வாதிட விருப்பமில்லை என ஒதுங்கிக்கொண்டார். ஒளியைப் பற்றி அக்காலத்தில் நியூட்டனுக்கு நிகராகப் பேசக்கூடியவர் அவர். 1673-இல் நியூட்டன் கழகத்திலிருந்தே விலகிவிடுகிறேன் என்று எழுதினார். ஓல்டன்பர்க் பாடுபட்டுச் சமாதானம் செய்தார். லியேஜ் நகரிலிருந்து லைனஸ் என்பவர் சோதனையே பொய் என்று எழுத, அவர் இறந்த பின்னும் அவரைச் சேர்ந்தவர்கள் அவ்வழக்கை 1678 வரை நடத்தினர். அதை விரித்தால் படிப்பவருக்கும் சலிப்பே மிஞ்சும்.

1676 ஜனவரியில் ஹூக் ஒரு நல்ல காரியம் செய்தார். நடுவிலிருப்பவர் தீயை மூட்டுகிறாரோ என்ற ஐயத்தால் ஓல்டன்பர்க்கை விடுத்து நேரே நியூட்டனுக்கு எழுதினார். அச்சில் மோதுவது தமக்கு உவப்பன்று, தனிக் கடிதத்தில் பேசுவோம் என்றார். நியூட்டனும் மகிழ்ந்து ஒப்புக்கொண்டார். பல சாட்சிகளின் முன்னிலையில் நடக்கும் விவாதத்தில் உண்மையோடு வேறு அக்கறைகளும் கலந்துவிடுகின்றன, தனிமையில் நடப்பதோ ஆலோசனையாக அமைகிறது என்ற பொருள்பட விடை எழுதினார்.

நிற்க. இந்த ஒப்பந்தம் நிலைத்திருந்தால் நான் இக்கட்டுரையை வேறு விதமாக எழுதியிருப்பேன். 1677-இல் ஓல்டன்பர்க் மறைந்தார், ஹூக் செயலாளரானார். 1679-இல் அவர் மீண்டும் அன்போடு கடிதம் எழுத, நியூட்டன் விடையில் ஒரு கற்பனைச் சோதனையைக் குறிப்பிட்டார். உயரத்திலிருந்து விழும் பொருள், பூமி சுழல்வதால் சற்றுக் கிழக்கே விழும் என்றார். பூமி தடுக்காவிட்டால் அது எவ்வழியே செல்லும் என்பதற்குச் சுருள் வடிவில் ஒரு கோடும் வரைந்தார். அந்தக் கோடு தவறு. ஹூக் அதைக் கண்டுகொண்டார். பாதை சுருளன்று, நீள்வட்டத்தை ஒத்தது என்று திருத்தினார். திருத்தம் சரியே. ஆனால் நியூட்டனின் கடிதத்தையும், பின்னர்த் தம் திருத்தத்தையும் அவர் டிசம்பரில் கழகக் கூட்டத்தில் படித்தார். தோழமையில் போகிற போக்கில் வரைந்த ஒரு கோடு, பலர் முன்னிலையில் தேர்வுத்தாள் போலத் திருத்தப்பட்டது.

அத்திருத்தம் பயனற்றுப் போகவில்லை என்பதுதான் வேதனை. அதுவே தம்மை நீள்வட்டப் பாதையைக் கணக்கிடத் தூண்டியது என்று நியூட்டன் பின்னாளில் ஹாலியிடம் ஒப்புக்கொண்டார். ஆயினும் நன்றி சொல்லும் நிலையில் அவர் மனம் இல்லை. 'பிரின்சிபியா' அச்சாகும் தறுவாயில், 1686-இல், ஹூக் தம் பங்கைக் குறிப்பிட வேண்டும் எனக் கேட்டபொழுது, நியூட்டன் பல இடங்களில் அவர் பெயரை அடித்துவிட்டார். மூன்றாம் பகுதியை வெளியிடவே மாட்டேன் என்றும் சொன்னார். ஹாலி கெஞ்சி இணங்க வைத்ததால் 1687-இல் அந்நூல் முழுமையாக நமக்குக் கிடைத்தது.

ஒளி பற்றிய நூலோ 1704 வரை வரவில்லை. விவாதங்களில் சிக்க விரும்பாமையே தாமதத்துக்குக் காரணம் என்று நியூட்டன் முன்னுரையில் கூறுகிறார். 1672-க்கும் 1704-க்கும் இடையே 32 ஆண்டுகள்! ஹூக் 1703-இல் இறந்திருந்தார்.

நம் ஆய்வகத்தில் குவிவில்லையைக் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து, சோடிய விளக்கொளியில் வளையங்களை எண்ணிப் பதிவேட்டில் 'நியூட்டன் வளையங்கள்' என்று தலைப்பிடுகிறோமே, மென்படலங்களில் தோன்றும் அத்தகைய நிறங்களை 1665-லேயே விவரித்தவர் ஹூக். அவற்றை நுட்பமாக அளந்தவர் நியூட்டன். ஒருவர் கையில் அலையைப் போன்றதொரு கருத்து இருந்தது. மற்றவர் கையில் அளவுகள் இருந்தன. இரண்டும் ஒரே மேசையில் வைக்கப்படவில்லை. தாமஸ் யங் 1801-இல் ஒளியின் குறுக்கீட்டைக் கொண்டு அவ்வளையங்களை விளக்கும் வரை, இன்னொரு நூற்றாண்டு கழிந்தது. இருவரும் பேசிக்கொண்டே இருந்திருந்தால் அது முன்பே கிடைத்திருக்கும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். பேச்சு நின்றது என்பது மட்டும் உறுதி.

நியூட்டனின் 'ஒளியியல்' நூல் வினாக்களோடு முடிகிறது. முதற்பதிப்பில் 16, பின்வந்த பதிப்புகளில் அவை 31 வரை பெருகின. விவாதத்துக்கு அஞ்சிய மனிதர் தமக்கு விடை தெரியாதவற்றை அச்சில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஜனவரி மாதம் நான் அந்த முதலாண்டு மாணவரின் வினாவை நினைவிலிருந்து மறுபடி எழுதிப் பலகையில் குத்தினேன். கீழே நீல மையில், முன்பு நான் எழுதிய விடை தவறென்றும், ஆரஞ்சு ஒளி ஏன் அதைப் பொய்யாக்குகிறது என்றும் எழுதி, என் பெயரையும் வகுப்பையும் குறித்தேன். மீதிப் பக்கத்தை வெறுமையாக விட்டேன். இம்மலர் அச்சுக்குப் போகும் வரை நான்கு பேர் அதில் எழுதியுள்ளனர். ஒருவர் நான் தந்த விளக்கத்திலும் ஒரு குறை கண்டுபிடித்திருக்கிறார். வினா எழுதிய அந்தக் கையெழுத்து மட்டும் இன்னும் பலகைக்கு வரவில்லை.