பழுதறியும் முறை

பெட்ரோலால் இயங்கும் எந்திரம் எதுவும் தானாகக் கிளம்புவதில்லை. உருளைக்குள் எரிபொருளும் காற்றும் புகுந்து, அழுந்தி, தீப்பற்றினால்தான் பிஸ்டன் இயங்கும். அவை புகுவதற்கும் அழுந்துவதற்கும் பிஸ்டன் முன்னரே இயங்கியாக வேண்டும். ஆதலின், முதற் சுழற்சியைப் பிறிதோர் ஆற்றல் தருதல் இன்றியமையாதது. பழைய மோட்டார் வண்டிகளுக்கு அதனைத் தந்தது மனிதனின் கை. வண்டியின் முன்புறத்தே இரும்புக் கைப்பிடி ஒன்றைச் செருகிச் சுழற்றுவர். எந்திரம் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறிதலும் உண்டு. மோட்டார் சைக்கிளுக்கோ காலால் உதைக்கும் கோலே துணை. சென்னைத் திருவொற்றியூரில் உருவான புல்லட் வண்டியைப் பல்லாண்டுகள் மக்கள் உதைத்தே கிளப்பினர்.

கைப்பிடியின் தொல்லையை ஒழித்தவர் சார்லசு கெட்டரிங் என்னும் அமெரிக்கர். அவர் 1911இல் அமைத்த மின் தொடக்கி, 1912ஆம் ஆண்டுக் காடிலாக் வண்டிகளில் இடம்பெற்றது. இரண்டே ஆண்டுகளில் மோட்டார் சைக்கிளிலும் அதனைப் பொருத்த முயன்றனர். அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில் 'இந்தியன்' என்னும் பெயரால் மோட்டார் சைக்கிள் செய்துவந்த ஹெண்டி நிறுவனம், 1914இல் மின் தொடக்கியுடன் ஒரு வண்டியை வெளியிட்டது. (பெயர் அவ்வாறாயினும் அந்நிறுவனத்துக்கும் நம் நாட்டுக்கும் தொடர்பு இல்லை.) அக்காலத்துப் பாட்டரி அவ்வேலையைத் தாங்கவில்லை, அவ்வண்டி ஓராண்டோடு நின்றுபோயிற்று. அன்று பாட்டரி பெற்ற அவப்பெயர் இன்றும் நீங்கவில்லை. தொடக்கி எக்காரணத்தால் முரண்டினாலும், "பாட்டரி போய்விட்டது" என்பதே எல்லோர் வாயிலும் முதலில் வருவது.

இப்பொழுது நம் நாட்டில் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் மின் தொடக்கி உண்டு. அதனை மக்கள் 'செல்ப்' என்பர். உதைகோலே இல்லாத வண்டிகளும் பல. ஆகவே, செல்ப் மறுத்தால் வண்டியை உடையவர் வழியில் நிற்க வேண்டியதுதான்.

திருவில்லிபுத்தூருக்கும் இராசபாளையத்துக்கும் இடைப்பட்ட பகுதியில், மேற்குத் தொடர்ச்சி மலையை அடுத்து அமைந்தது மம்சாபுரம். இராசபாளையத்தில் 1936இல் நூற்பாலை நிறுவப்பெற்றது. பின்னர் ஆலைகள் பல தோன்றின. மம்சாபுரத்திலிருந்து அத்தகைய ஆலை ஒன்றுக்கு நாள்தோறும் மோட்டார் சைக்கிளிற் சென்றுவரும் இளைஞர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். காலந்தவறிச் சென்றால் அவர்க்கு அன்றைய கூலியிற் குறையும். அவர் வண்டியில் உதைகோல் இல்லை.

ஐப்பசி மழை தொடங்கியபின் ஒருநாள் விடியலில் அவர் பொத்தானை அழுத்தினார். 'டக்' என்று ஓர் ஒலி, பின்பு அமைதி. நான்கைந்து முறை அழுத்தியபின், ஒன்றும் நேராததுபோல் எந்திரம் கிளம்பிற்று. மூன்று நாள் தொல்லையில்லை. நான்காம் நாள் இரவு, ஆலை வாயிலில் மீண்டும் அதே 'டக்'. முற்றும் கெட்ட பொறியைச் செப்பனிடுதல் எளிது. இடையிடையே கெடும் பொறியே அறிவை மருட்டுவது. கடைக்கு எடுத்துச் சென்றால் அது முதல் அழுத்திலேயே கிளம்பி, உடையவரைப் பொய்யராக்கிவிடும்.

நண்பர் ஒருவர் சிறு விளக்கு ஒன்றைக் கம்பிகளில் இணைத்துப் பார்த்தார். எங்கும் விளக்கு ஒளியுடன் எரிந்தது. "கம்பிகளில் குறை இல்லை, பாட்டரிதான்" என்றார். இளைஞர் பழைய பாட்டரியைக் கடையில் மாற்றாகக் கொடுத்து, மேலும் பணம் சேர்த்துப் புதியது வாங்கிப் பூட்டினார். இரண்டு நாள் செல்ப் நன்றாக இயங்கிற்று. மூன்றாம் நாள் பழைய குணம் திரும்பிற்று.

நம் முன்னோர் உண்மையை அறியும் கருவிகளை அளவைகள் என்றனர்; மணிமேகலையிலும் அவை விரித்துரைக்கப்பெறுகின்றன. கண்முதலிய பொறிகளால் அறிவது காட்சி. கண்டதைக்கொண்டு காணாததைத் துணிவது கருதல். மலைமேற் புகையைக் கண்டு அங்கே நெருப்புண்டு என்று அறிதல் போல்வது. தக்கார் கூறும் சொல்லைக் கொள்வது உரை. இளைஞர் இதுவரை கொண்டது உரையளவை ஒன்றையே. அதுவும் தக்கார் உரையன்று.

அவ்வூரில் கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டும் முதியவர் ஒருவரிடம் அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு சென்றார். முதியவர் வண்டியைத் தொடுமுன் கேட்டார்: "தம்பி, பொத்தானை அழுத்தும்போது ஒலி கேட்கிறதா?"

"ஒரே ஒரு முறை 'டக்' என்கிறது, அண்ணாச்சி."

"அப்படியானால் பாதி வண்டியைச் சோதிக்க வேண்டுவதில்லை" என்றார் அவர்.

இதன் பொருளை உணர, தொடக்கியின் அமைப்பை அறிதல் வேண்டும். அதில் மின்சாரம் செல்லும் வழிகள் இரண்டு. செல்ப் மோட்டார் பல பத்து ஆம்பியர் மின்னோட்டத்தை இழுப்பது. சிறு பொத்தான் அதனைத் தாங்காது. எனவே, பொத்தான் ரிலே என்னும் ஏவலாளுக்குக் கட்டளை மட்டும் இடுகிறது. பியூசு, பொத்தான், கிளட்ச் சுவிட்சு, சில வண்டிகளில் பக்கத் தாங்கியின் சுவிட்சு ஆகியவற்றைக் கடந்து ரிலேயின் சுருளை அடையும் மெல்லிய கம்பிகளின் வழி ஒன்று. சுருள் காந்தமாகி ரிலேயின் தொடுமுனைகளைச் சேர்க்க, பாட்டரியிலிருந்து ரிலே வழியாகச் செல்ப் மோட்டாரை அடைந்து, எந்திரத்தின் உடல் வழியாகவும் எர்த் கம்பி வழியாகவும் பாட்டரிக்கே மீளும் தடித்த கம்பிகளின் வழி மற்றொன்று. 'டக்' என்பது தொடுமுனைகள் சேரும் ஒலி. அது கேட்டமையால் மெல்லிய வழி குற்றமற்றது என்பது கருதலாற் பெறப்பட்டது. ஒலியே இல்லையெனில் அவ்வழியைத்தான் முதலில் ஐயுறல் வேண்டும். 'டக் டக் டக்' என விரைந்து அடித்தால் பெரும்பாலும் பாட்டரி சோர்ந்ததென்று கொள்ளலாம். மோட்டார் மட்டும் சுழன்று எந்திரம் சுழலாவிடில், அவற்றை இணைக்கும் பல்சக்கரம் அல்லது ஒருவழிக் கிளட்சிற் குறை.

எஞ்சியது தடித்த வழி. முதியவர் வண்டி நியூட்ரலில் இருப்பதை உறுதி செய்துகொண்டு, மல்டிமீட்டரைப் பாட்டரியின் இரு முனைகளிலும் வைத்தார். 12.6 வோல்ட் காட்டிற்று. அதனோடு அவர் அமையவில்லை. "அழுத்து" என்றார். 'டக்' என்றது, மீட்டர் 12க்குக் கீழ் இறங்கவில்லை. பாட்டரி வலியற்றதாயின், சுமை ஏறியவுடன் மின்னழுத்தம் 10 வோல்ட்டுக்கும் கீழே சரிந்திருக்கும். கொடுக்க வல்லவன் இருக்கின்றான். கொண்டுசெல்லும் வழியில் எங்கோ தடை.

இப்பொழுது அவர் ஒவ்வோர் இணைப்பின் இருபுறத்தும் மீட்டரின் முனைகளை வைத்து, ஒவ்வொரு முறையும் பொத்தானை அழுத்தச் செய்தார். பாட்டரியின் நேர்முனைக்கும் ரிலேக்கும் இடையே 0.1 வோல்ட். ரிலேயின் இரு தடித்த முனைகளுக்கிடையே 0.2. பாட்டரியின் எதிர்முனைக்கும் எந்திரத்தின் உடலுக்கும் இடையே 9 வோல்ட்! மோட்டாருக்குச் செல்ல வேண்டிய அழுத்தத்தின் பெரும்பகுதியை எர்த் கம்பியின் இணைப்பே விழுங்கிக்கொண்டிருந்தது.

நண்பரின் விளக்கு ஏன் இதனைக் காட்டவில்லை? ஜெர்மானிய அறிஞர் ஓம் 1827இல் வெளியிட்ட விதி இதற்கு விடை தரும். ஓரிடத்தில் இழக்கப்படும் மின்னழுத்தம், அவ்விடத்துத் தடையை மின்னோட்டத்தாற் பெருக்கிய அளவினது. அவ்விணைப்பில் 0.2 ஓம் தடை இருந்ததெனக் கொள்வோம். 3 வாட் விளக்கு 12 வோல்ட்டில் இழுப்பது கால் ஆம்பியரே. இழப்பு 0.05 வோல்ட், கண்ணுக்கு அது புலனாகாது. செல்ப் மோட்டாருக்கு 60 ஆம்பியர் வேண்டுமெனில், இழப்பு 12 வோல்ட் ஆதல் வேண்டும். அஃதாவது பாட்டரியின் முழு அழுத்தமும் இணைப்பிலேயே அழியும். எனவே, வேண்டிய அளவு மின்னோட்டம் பாய்தற்கே வழியில்லை. சிறு சுமைக்கு நல்லதாய்த் தோன்றும் இணைப்பு பெருஞ்சுமைக்குப் பயன்படாது. அதனால்தான் முதியவர் ஓய்ந்திருக்கும் வண்டியைச் சோதியாது, உழைக்கும்போதே சோதித்தார்.

எந்திரத்தின் உடலோடு எர்த் கம்பியை முடுக்கிய போல்ட்டைத் திருகி எடுத்தபோது, கம்பியின் செப்பு முனையிற் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. செம்பிற் களிம்பு உள்ளிருந்தே தோன்றுவதென்று சித்தாந்த நூலோர் உவமை கூறுவர். இங்கே அது மழைநீராலும் சேற்றாலும் வந்தது. வண்டியின் அதிர்ச்சியால் அம்முனை சற்றே அசைந்து, ஒருகால் நல்ல இடத்தையும் ஒருகால் களிம்பையும் தொட்டது. பொறி இடையிடையே கெட்டதற்குக் காரணம் இதுவே. புதிய பாட்டரி இரண்டு நாள் உழைத்ததன் மறையும் இதுவே: பாட்டரியை மாற்றும்போது கம்பி இழுபட்டு, முனை புதியதோர் இடத்தைத் தொட்டிருந்தது.

இத்தகைய வேலையில் எதிர்முனைக் கம்பியை முதலிற் கழற்றிக் கடைசியிற் பூட்டுதல் வேண்டும். இல்லையேல் ஸ்பேனர் வண்டியின் உடலைத் தொட்டவுடன் பெருந்தீப்பொறி எழும். ரிலேயின் இரு முனைகளையும் திருப்புளியால் இணைத்துக் கிளப்புவாரும் உளர். பெட்ரோல் ஆவியும், பாட்டரியிலிருந்து எழும் ஹைட்ரஜனும் அருகிலிருக்க, அது தீயோடு விளையாடுதலே. வண்டி கியரில் இருந்தால் ஆளையும் தள்ளிக்கொண்டு பாயும்.

முதியவர் போல்ட்டையும் கம்பி முனையையும் உப்புத்தாளால் தேய்த்து, உலோகம் ஒளிரச் செய்து, இறுக முடுக்கி, ஈரம் புகாதபடி மேலே வாசலின் தடவினார். மீண்டும் மீட்டரை வைத்து அழுத்தச் செய்தார். 9 வோல்ட் காட்டிய இடத்தில் இப்பொழுது 0.1. எந்திரம் உடனே கிளம்பிற்று. ஓடும் எந்திரத்திற் பாட்டரியின் அழுத்தத்தையும் அவர் பார்த்தார், 14 வோல்ட். மின்னேற்றமும் செவ்வனே நடைபெறுகிறது என்று கண்டபின்னரே மீட்டரை உறையிலிட்டார்.

"அப்படியானால் என் பழைய பாட்டரி, அண்ணாச்சி?" என்று இளைஞர் கேட்டார்.

"கொண்டுவா, அளந்து சொல்கிறேன்" என்றார் முதியவர். அது கடைக்காரரிடமிருந்து பழைய பாட்டரி வாங்குவோரிடம் போய் மூன்று நாள் ஆகியிருந்தது.