கணினி வாங்கினோம், கதிரையைப் பார்த்தோமா?

கடை வாடகை, மின்கட்டணம், சம்பளம் என்று கண்ணுக்குத் தெரியும் செலவுகளையெல்லாம் நாம் கொப்பியில் எழுதி வைக்கிறோம். ஊழியரின் கழுத்து வலியும் கண் எரிச்சலும் எந்தக் கொப்பியிலும் ஏறுவதில்லை. ஆனால் அந்தச் செலவையும் நாம்தான் கட்டுகிறோம். டிக்கோயாவில் உள்ள என் கடையில் இதை நான் பட்டுத்தான் படித்தேன்.

வாப்பா காலத்துப் பலசரக்குக் கடை அது. பிறகு போட்டோ பிரதி, விண்ணப்பம் நிரப்புதல் என்று வேலை கூடியபோது கணினி ஒன்று வாங்கினேன். வேறு இடமில்லாததால் சாமான் நிறுக்கும் கவுன்டரிலேயே அதை வைத்து, முன்னால் ஓர் உயரமான ஸ்டூலையும் போட்டேன். பக்கத்துத் தோட்டத்திலிருந்து வேலைக்கு வந்த தம்பி காலை முதல் மாலை வரை அதில்தான் இருப்பார். “முதலாளி, சாயங்காலமானா தலை வலிக்குது, எழுத்தெல்லாம் மங்குது” என்று இரண்டு தடவை சொன்னார். “ராத்திரியில போனைப் பார்த்தா அப்படித்தான்” என்று அதட்டிவிட்டேன்.

ஒரு நாள், தோட்டத்தில் ஓய்வு பெற்ற ஓர் அம்மாவின் ஊழியர் சேமலாப நிதி விண்ணப்பத்தில் அடையாள அட்டை இலக்கம் பிழைத்துவிட்டது. 3 வரவேண்டிய இடத்தில் 8. பஸ்ஸுக்குச் செலவழித்துப் போன அவர் வெறுங்கையுடன் திரும்பி வந்து கடை வாசலில் நின்றார். அவருக்குப் பஸ் காசைக் கொடுத்தேன். தம்பியை மூன்று நாள் வீட்டில் நிற்கச் சொன்னேன். அந்த மூன்று நாளும் ஸ்டூலில் நானே உட்கார்ந்தேன். இரண்டாம் நாள் பின்னேரமே பிழை யாருடையது என்பது எனக்கு விளங்கிவிட்டது.

மேசையும் கதிரையும்

கவுன்டர் நின்று வேலை செய்பவருக்கானது. ஏறத்தாழ 3 அடி உயரம். உட்கார்ந்து தட்டச்சுச் செய்ய சுமார் 28 அங்குல மேசை போதும். தோளைத் தளர விட்டால் விசைப்பலகை முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும். சாய்மானமுள்ள சாதாரண மரக் கதிரையே போதும். இடுப்புக்குப் பின்னால் ஒரு துவாயைச் சுருட்டி வைக்கலாம். பாதம் தரையில் படாவிட்டால் காலுக்கடியில் ஒரு பலகைப் பெட்டி வையுங்கள். முள்ளந்தண்டு வட்டுகளின் அழுத்தத்தை 1960களில் அளந்த சுவீடன் வைத்தியர் அல்ஃப் நக்கெம்சன், நிற்பதைவிட முன்குனிந்து உட்காரும்போது அது அதிகம் எனக் கண்டார்.

திரையும் படிவமும்

திரை ஒரு கை நீளத் தூரத்தில் இருக்கட்டும். அதன் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்க வேண்டும். என் திரை மிகவும் தாழ்ந்திருந்தது. 500 தாள் கொண்ட ஏ4 கட்டு ஒன்று ஏறக்குறைய 2 அங்குல உயரம். இரண்டு கட்டுகளை அடியில் வைத்ததும் கழுத்து நிமிர்ந்தது. மடிக்கணினி என்றால் அதை உயர்த்தி, விசைப்பலகையைத் தனியாக இணைக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு, படிவத்தைக் கவுன்டரில் படுக்க வைத்ததாகும். ஒவ்வோர் இலக்கத்துக்கும் தம்பி குனிந்து நிமிர்ந்திருக்கிறார். இப்போது படிவத்தை ஓர் அட்டையில் செருகித் திரைக்குப் பக்கத்திலேயே சாய்த்து வைக்கிறோம். திரையில் எழுத்தையும் பெரிதாக்கிவிட்டோம்.

வெளிச்சம்

நம் ஊர் மூடுபனியில் வானம் வெள்ளைச் சீலைபோல் கூசும். யன்னல் திரைக்குப் பின்னாலும் இருக்கக் கூடாது, நம் முதுகுக்குப் பின்னாலும் இருக்கக் கூடாது. பக்கவாட்டில் இருப்பதே நல்லது. திரையை அணைத்துவிட்டுப் பாருங்கள். அந்தக் கறுப்பில் டியூப் லைட் தெரிந்தால் திரையைச் சற்றுத் திருப்ப வேண்டும்.

கண்ணுக்கு ஓய்வு

திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைகிறது. கண் காய்ந்து எரிவதற்கு அது முக்கிய காரணம். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை, 20 அடிக்கு அப்பால், 20 விநாடி பார்க்கச் சொல்கிறார்கள். வாசலுக்கு வந்தால் எதிர்மலைத் தேயிலை தெரியும், அது போதும். லுஹருக்கும் அஸருக்கும் எழுந்து போகும் எனக்கு இடைவேளை கிடைக்கிறது. தம்பிக்கும் அதே இடைவேளையைக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்து வரும். கண்ணாடி எடுக்கும்போது, திரை எத்தனை அங்குலத் தூரத்தில் இருக்கிறது என்பதை அளந்து சொல்லுங்கள். புத்தகம் படிக்கும் கண்ணாடி அந்தத் தூரத்துக்குச் சரிவராமல் போகலாம். நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிக்கு மேலதிகப் பணம் கொடுக்க அவசரப்பட வேண்டாம். 17 ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு, சாதாரண கண்ணாடியைவிட அது கண் களைப்பைக் குறைப்பதாகக் காணவில்லை. விரல் மரத்தல், காலுக்கு இறங்கும் வலி, குறையாத பார்வை மங்கல் இருந்தால் மேசையைத் திருத்திக்கொண்டிருக்காமல் வைத்தியரிடம் போக வேண்டும். எங்களுக்கு டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை பக்கத்தில் இருக்கிறது.

நான்காம் நாள் தம்பி வந்தபோது புதிய இடத்தைக் காட்டி, “பிழை என்னுடையது” என்று சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கதிரையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்த அம்மாவின் படிவத்தைத்தான் முதலில் நிரப்பினோம், காசு வாங்காமல்.

சகோதரர்களே, இன்று கடை பூட்டுவதற்கு முன் ஓர் அளவு நாடாவை எடுங்கள். ஊழியர் உட்காரும் இடத்தில் ஒரு மணித்தியாலம் நீங்களே உட்கார்ந்து வேலை செய்து பாருங்கள். மற்றதை உங்கள் முதுகே சொல்லும்.