விழித்திரையைக் காப்போம்

கண் மங்கினால் நம் வீடுகளில் பெரியவர்கள் வழக்கமாகச் சொல்வது ஒன்று உண்டு: "புரை விழுந்திருக்கும். முற்றட்டும், எடுத்துக்கொள்ளலாம்." புரையாக இருந்தால், மங்கிய லென்ஸை நீக்கிச் செயற்கை லென்ஸ் பொருத்தியதும் பெரும்பாலும் பார்வை திரும்பிவிடும். ஆனால், கெட்டிருப்பது கண்ணின் பின்புறமுள்ள விழித்திரை என்றால் என்ன செய்வது? காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் நமக்கு நட்டமே. இவ்வேறுபாட்டை நாம் கற்று, வீட்டிலும் எடுத்துச் சொல்வோம்.

விழித்திரை என்பது யாது?

பழைய புகைப்படக் கருவியில் லென்ஸுக்குப் பின்னால் பிலிம் இருந்ததுபோல, கண்ணின் உட்சுவரில் விழித்திரை படர்ந்துள்ளது. அரை மில்லிமீட்டர்கூடக் கனமில்லாத இச்சவ்வில் சுமார் 12 கோடிக் கோல் செல்களும் 60 லட்சம் கூம்பு செல்களும் உள்ளன. மங்கிய ஒளியில் பார்க்கக் கோல் செல்களும், நிறங்களைப் பிரித்தறியக் கூம்பு செல்களும் உதவுகின்றன. நடுவிலுள்ள 'மாகுலா' என்னும் சிறு பகுதியைக் கொண்டே நாம் எழுத்தை வாசிக்கிறோம். ஊசியில் நூல் கோக்கிறோம். முகங்களை அடையாளம் காண்கிறோம்.

விழித்திரைக்கு வலி தெரியாது. அங்கு அழிந்த செல்கள் மீண்டும் முளைப்பதுமில்லை. கண் தானத்தால் பிறருக்குப் பொருத்தப்படுவது கண்ணின் முன்புறமுள்ள கார்னியா மட்டுமே. விழித்திரையை அவ்வாறு மாற்றிப் பொருத்த இயலாது.

கெடுவது எவ்வாறு?

முதற்பகைவன் சர்க்கரை நோய். இரத்தத்தில் மிகும் சர்க்கரை, விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைப் பலவீனப்படுத்துகிறது. அவை கசிவதால் மாகுலா வீங்குகிறது. சில குழாய்கள் அடைபட, உயிர்வளி கிடைக்காத இடங்களில் புதுக் குழாய்கள் முளைக்கின்றன. வலுவற்ற அவை உடைந்து கண்ணுக்குள் இரத்தம் பெருகலாம். தழும்பு இழுத்து விழித்திரையே பெயரலாம். தொடக்கத்தில் நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. நம் நாஞ்சில் நாட்டில் பலர், கருப்பட்டிக் காப்பி சர்க்கரையைக் கூட்டாது என்று நம்புகிறார்கள். அது தவறு. கருப்பட்டியும் சர்க்கரையே, மரச்சீனிக் கிழங்கும் செரித்தபின் சர்க்கரையாகவே இரத்தத்தில் சேர்கிறது.

உயர் இரத்த அழுத்தம், கண்ணில் படும் பலத்த அடி, மிகுந்த கிட்டப்பார்வை, பரம்பரை ஆகியனவும் விழித்திரையைக் கெடுக்கலாம். குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை முழு வளர்ச்சி அடைந்திராது. ஆகவே 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைந்த எடையிலோ பிறந்த குழந்தைக்கு, பிறந்த 30 நாள்களுக்குள் கண் பரிசோதனை செய்ய வேண்டும்.

கதிரவனும் கண்ணும்

2010 ஜனவரி 15 அன்று நம் கன்னியாகுமரியில் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தது. கிரகணத்தை வெறுங்கண்ணால் உற்று நோக்கினால் மாகுலா சிதைந்துவிடும். எக்ஸ்ரே பிலிமோ புகை பிடித்த கண்ணாடியோ போதிய பாதுகாப்புத் தராது.

வியப்பு என்னவெனில், சிகிச்சைக்கு வழி காட்டியதும் கிரகணமே! 1945ஆம் ஆண்டுக் கிரகணத்தைப் பார்த்துக் கண் பாதிக்கப்பட்டவரின் விழித்திரையில் இருந்த தழும்பை ஜெர்மானிய மருத்துவர் மேயர் ஷ்விக்கராத் கவனித்தார். அளவோடு ஒளியைச் செலுத்தினால் கிழிந்த விழித்திரையை ஒட்ட வைக்கலாமே என எண்ணி, சூரிய ஒளியையே கண்ணுக்குள் குவித்துச் சோதித்தார். அவ்வழியில் வளர்ந்ததே இன்றைய லேசர் சிகிச்சை.

இன்றைய சிகிச்சை

லேசர், புதுக் குழாய்களை வாடச் செய்கிறது. கண்ணுக்குள் போடும் ஊசி மருந்து மாகுலாவின் வீக்கத்தைக் குறைக்கிறது. இரத்தம் தேங்கினாலோ விழித்திரை பெயர்ந்தாலோ அறுவை சிகிச்சை உண்டு. இவை பெரும்பாலும் எஞ்சியுள்ள பார்வையைக் காப்பனவே. இழந்ததை முழுதும் மீட்பது அரிது.

இத்துறையில் தமிழகம் பின்தங்கியதன்று. சென்னை எழும்பூரில் 1819இல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, அரசுப் பணியில் ஓய்வு பெற்று, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். விழித்திரை மருத்துவரான டாக்டர் பத்ரிநாத் 1978இல் சென்னையில் சங்கர நேத்ராலயாவை நிறுவினார். 1988 முதல் திருநெல்வேலியிலும் அரவிந்த் மருத்துவமனை இயங்குவது நமக்கு வசதி.

நாம் செய்ய வேண்டியவை

1. வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால், பார்வை தெளிவாக இருந்தாலும் ஆண்டுக்கொரு முறை சொட்டு மருந்திட்டு விழித்திரையைச் சோதிக்கச் செய்வோம். மருந்திட்டபின் சில மணி நேரம் பார்வை மங்கும். ஆகவே துணைக்கு நாமே செல்வோம்.

2. கண்ணாடிக் கடையில் எண் பார்ப்பது விழித்திரைப் பரிசோதனை ஆகாது.

3. மின்னல் போன்ற ஒளி, திடீரெனப் பறக்கும் கரும்புள்ளிகள், திரை விழுந்தாற்போல் மறைப்பு - இவை தோன்றினால் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

4. முருங்கைக்கீரை, முட்டை, மீன் முதலியவற்றை உண்போம். வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும்.

5. கதிரவனை உற்று நோக்கோம். லேசர் விளக்கைப் பிறர் கண்ணில் காட்டி விளையாடோம்.

'கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரமா?' என்பது நம் முன்னோர் மொழி. தோழியரே, இவ்விடுமுறையில் ஒவ்வொருவரும் வீட்டுப் பெரியவர் ஒருவரையேனும் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோமாக!