வேலூர்க் கோட்டை: அரண் சிறையான வரலாறு

வேலூருக்குச் சுற்றுலா செல்லும் நம் பகுதி மாணவர்கள் பெரும்பாலும் கோட்டைக்குள் சலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபச் சிற்பங்களைக் கண்டு வியந்து, அகழியருகே சற்று இளைப்பாறித் திரும்பிவிடுவர். சிற்பங்கள் வியக்கத்தக்கனவே. எனினும் 1799 முதல் அரச குடும்பங்கள் சிறையிருந்த இடமும் அதுவே என்று அறிந்து செல்வோர் வேறு கண்ணோடு பார்ப்பர்.

விசயநகரப் பேரரசுக் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில் எழுந்தது இக்கோட்டை. பரப்பு ஏறக்குறைய 133 ஏக்கர். பகைவர் உள்ளே புகாதிருக்க அமைத்த கருங்கல் மதிலும் அகன்ற அகழியும், பின்னாளில் உள்ளிருப்போர் வெளியேறாதிருக்கவும் அப்படியே பயன்பட்டன! கம்பிக் கதவிட்ட அறைகளைத் தேடிச் செல்வோர் ஏமாறுவர். இங்கு மாளிகைகளே சிறை. 1799 மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தபின், அவர்தம் மக்களும் மகளிரும் இங்குக் கொணரப்பட்டனர். உதவித்தொகை உண்டு, பணியாளர் உண்டு, விரும்பியபடி வெளியே செல்லும் உரிமைதான் இல்லை. ஹைதர் மகால், திப்பு மகால் என்னும் பெயர்கள் அக்காலத்தை இன்றும் நினைவூட்டுகின்றன.

வியப்பு யாதெனில், முதலில் பொங்கியெழுந்தோர் காவலில் இருந்தவர்கள் அல்லர், காவல் புரிந்த சிப்பாய்களே. நெற்றியில் சமயக்குறி கூடாது, தாடி கூடாது, தோற்பட்டை பொருந்திய புதுத் தலைப்பாகை அணிக எனக் கும்பினிப் படை இட்ட ஆணை அவர்கள் நெஞ்சைச் சுட்டது. 1806 சூலை 10 விடியுமுன் கிளர்ந்தனர். மைசூர்க் கொடி ஏறியது. ஆர்க்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையுடன் விரைந்து வந்து அன்றே கோட்டையை மீட்டார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டனர். பின்னர்ப் பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டோரும் உண்டு. திப்புவின் மைந்தர்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். உடை பற்றிய ஆணைகளும் கைவிடப்பட்டன. ஆளுநர் பெண்டிங்கு பிரபு திரும்ப அழைக்கப்பட்டார். ஆயின் அச்சிப்பாய்களுள் எத்தனை பேர் பெயரை நாம் அறிவோம்?

திருவில்லிபுத்தூரில் திருமலை நாயக்கர் அரண்மனையைக் கண்டு வளர்ந்த நமக்கு இன்னொரு கைதி சற்று நெருக்கமானவர். மதுரை நாயக்கரோடு உறவுடைய மரபில் வந்த கண்டியின் இறுதி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராசசிங்கன் 1815இல் பிடிபட்டு, மறு ஆண்டு குடும்பத்துடன் வேலூருக்குக் கொண்டுவரப்பட்டார். பதினாறு ஆண்டுகள் காவலிலேயே கழித்து, 1832 சனவரி 30இல் இங்கேயே மறைந்தார். அவர் நினைவிடமான முத்துமண்டபம் கோட்டைக்குள் இல்லை, பாலாற்றங்கரையில் உள்ளது. கோட்டையைக் காணச் செல்வோர் அங்கும் செல்ல ஒரு மணி நேரம் ஒதுக்குவது நன்று.