அடுத்த பக்கத்திலும் அதே சேலை

களுவாஞ்சிக்குடி பிரதான வீதியில் புடவைக் கடை வைத்திருக்கும் ஒருவர், மருதமுனைக் கைத்தறிச் சேலைகளைக் கனடாவில் இருக்கும் நம்மவர்களுக்கும் விற்கலாம் என்று ஒரு வெப்சைட் செய்வித்தார். செய்து கொடுத்தது ஊர்ப் பையன்தான். ஒரு பின்னேரம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். முதல் பக்கத்தில் 20 சேலை. ‘அடுத்த பக்கம்’ என்பதை அழுத்தினால் எண் மட்டும் 2 ஆகிறது, சேலைகள் மாறவில்லை. மூன்றாம் பக்கத்திலும் அதே 20.

“கேஷ்லதான் பிழை” என்றான் பையன். முதலாளி பதறிப்போய் லாச்சியை இழுத்துப் பார்த்தார். “காசெல்லாம் சரியாத்தானே இருக்கு மனே?”

பையன் சொன்ன கேஷ் வேறு. அந்தக் காலப் பலசரக்குக் கடைக்காரர் காலையிலேயே சீனியைக் கால் கிலோ, அரைக் கிலோ என்று நிறுத்துச் சரை சுற்றி முன்னால் அடுக்கி வைப்பார். ஆள் வந்து கேட்கும்போதெல்லாம் கிட்டங்கிக்குப் போய் மூட்டை அவிழ்க்க வேண்டியதில்லை. சேர்வரும் அப்படித்தான்: தரவுத்தளத்தைக் கேட்டு ஒருமுறை தயாரித்த பதிலை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, அடுத்து வருபவருக்கு அதையே நீட்டும். 2003இல் லைவ்ஜேர்னல் தளத்துக்காக எழுதப்பட்ட மெம்கேஷ்ட், 2009இல் வந்த ரெடிஸ் எல்லாம் இதற்கான கருவிகள். முழுப் பக்கத்தையும் மீண்டும் ஏற்றாமல் பட்டியலின் அடுத்த பகுதியை மட்டும் பின்னணியில் எடுத்துவரும் முறைக்கு 2005இல் ‘அஜாக்ஸ்’ என்று பெயர் விழுந்தது. கேஷ், அஜாக்ஸ் இரண்டும் தனித்தனியே நல்ல பிள்ளைகள். ஒரே வீட்டில் விட்டால்தான் சண்டை. அந்தச் சண்டையைப் பற்றிப் பையன்களிடம் நான் அடிக்கடி கேட்கும் நம்பிக்கைகள் சில.

நம்பிக்கை: கேஷ் போட்டாச்சு, இனிப் பக்கங்கள் பறக்கும்.

உண்மை: எந்தப் பெயரில் எடுத்து வைத்தீர்கள் என்பதுதான் கேள்வி. சேலைக் கடையில் நடந்தது இதுதான்: பதிலைச் சேமித்த பெயரில் பக்க எண் இல்லை. ‘சேலைகள்’ என்ற ஒரே பெயர். முதலில் வந்தவர் முதல் பக்கத்தைப் பார்த்தார். பிறகு எந்தப் பக்கம் கேட்டாலும் சேர்வர் அந்தச் சரையையே எடுத்துக் கொடுத்தது. பையனைக் குறை சொல்ல மாட்டேன். வெப்சைட் செய்யும் கட்டமைப்பான ரூபி ஒன் ரெயில்ஸிலும் இதே பொறி இருந்தது: அதன் பழைய பக்கக் கேஷ், முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதைக் கணக்கில் எடுக்காது. அதனால் பக்க எண்ணை முகவரியின் பாதைக்குள்ளேயே கொண்டுவரப் பழகினார்கள் அதில் எழுதியவர்கள்.

பக்க எண் மட்டும் போதாது. ‘விலை குறைந்தது முதலில்’ என்று வரிசை மாற்றினால் அதுவும், நிறத்தைத் தெரிவு செய்தால் அதுவும், தமிழா ஆங்கிலமா என்பதும் பெயருக்குள் வர வேண்டும். அதற்காக எல்லாச் சேர்மானத்தையும் சேமிக்கப் போனால் நினைவகம் நிரம்பும், ஆனால் சேமித்ததைக் கேட்க ஆள் வராது. ஒரு கிலோ முந்நூற்றெழுபது கிராமுக்கு யாராவது சரை சுற்றி வைப்பார்களா? முதல் சில பக்கங்களை வைத்தாலே பெரும்பாலும் போதும்.

நம்பிக்கை: பின்னணியில் எடுத்தால் சேர்வருக்குப் பாரம் இல்லை.

உண்மை: தலைப்பும் பட்டிகளும் திரும்ப வராததால் கொஞ்சம் மிச்சம்தான். தரவுத்தளத்துக்கு வேலை அதேதான். ‘10,000 வரிசையைத் தள்ளிவிட்டு அடுத்த 20ஐத் தா’ என்று ஓஃப்செட் வைத்துக் கேட்டால், அது அந்தப் பத்தாயிரத்தையும் கடந்து போய்த்தான் 20ஐ எடுக்கும். விரலால் தள்ளத் தள்ளப் பட்டியல் நீளும் பக்கங்களில் இந்தக் கேள்விகள் கூடுமே தவிரக் குறையா.

இன்னொரு வம்பும் உண்டு. பட்டிருப்புப் பாலத்தில் முன்னே ஏறிய உழவு மெசின்தான் பெரும்பாலும் முன்னே இறங்கும். இணையத்தில் அந்த ஒழுங்கு கிடையாது. ஒருவர் 3ஐ அழுத்திவிட்டு உடனே 4ஐ அழுத்துகிறார். 4ஆம் பக்கம் கேஷில் இருக்கிறது, உடனே வந்துவிடுகிறது. 3 தரவுத்தளம் வரை போய் ஆறுதலாக வந்து, 4இன் மேல் ஏறி உட்காருகிறது. கேஷ் இல்லாவிட்டால் இது அபூர்வம். கேஷ் வந்த பிறகு சாதாரணம். புதிய கேள்வி போனதும் பழையதை ரத்துச் செய்ய வேண்டும், அல்லது பிந்தி வந்த பதிலை வாசலிலேயே மறிக்க வேண்டும்.

நம்பிக்கை: ஒவ்வொரு பக்கத்தையும் ஐந்து நிமிடம் வைத்தால் யாருக்குத் தெரியப் போகிறது?

உண்மை: ஐந்து நிமிடமும் ஒரே நேரத்தில் முடிவதில்லை. புதுச் சேலையொன்று பட்டியலின் தலையில் ஏறுகிறது. முதல் பக்கம் காலாவதியாகிப் புதிதாக வருகிறது. இரண்டாம் பக்கம் இன்னும் பழையது. 20ஆவது சேலை இரண்டிலும் இல்லை. மாறி நடந்தால் அதே சேலை இரண்டு பக்கத்திலும் நிற்கும். ஆள் பார்க்காத சேலை விலைபோகாது. அது ஏன் என்று முதலாளிக்கு ஒருநாளும் விளங்காது.

இதற்குப் பக்க எண்ணையே கைவிடுவது நல்லது. ‘இந்தச் சேலைக்கு அடுத்த 20’ என்று கேளுங்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் பெரிய பகுப்பு ஒன்றைத் திறந்து பாருங்கள். ஒரு பக்கத்துக்கு 200 தலைப்புகள். ‘அடுத்த பக்கம்’ இணைப்பின் முகவரியில் பக்க எண் இராது. எந்தத் தலைப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே இருக்கும். சேலைக் கடையில் இதைச் செய்தால், புதுச் சேலை வந்ததும் முதல் பக்கம் 19ஆவதுடன் முடியும். ‘19க்கு அடுத்தது’ என்ற பெயரில் கேஷில் பழையது எதுவும் இல்லாததால் தரவுத்தளம் 20இலிருந்து கொடுக்கும். ஆனால் விலை மாற்றம் இதில் பிடிபடாது. அதற்கு எல்லாப் பெயரிலும் ஒரு பதிப்பு எண்ணைச் சேர்த்து, விலை மாறும்போது அதை ஒன்று கூட்டிவிட்டால் பழைய பக்கங்கள் கேட்பாரற்றுக் கிடந்து தாமாகவே அழியும்.

நம்பிக்கை: கடைப் பக்கம் எல்லாருக்கும் ஒன்றுதானே.

உண்மை: உள்நுழைந்தவரின் பெயரும் முகவரியும் அதில் இருந்தால் ஒன்றல்ல. 2015 நத்தார் அன்று ஸ்டீம் விளையாட்டுக் கடை தாக்குதலுக்கு உள்ளானபோது அவசரமாகப் போட்ட கேஷ் விதி பிழைத்துப்போய், ஒருவரின் கணக்குப் பக்கம் இன்னொருவருக்குப் போனது. ஏறத்தாழ 34,000 பேரின் விபரம் அப்படிக் கசிந்திருக்கலாம் என்று அந்தக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனமே அறிவித்தது. பொதுப் பட்டியலைக் கேஷில் வையுங்கள். ஆளுக்குரியதைப் பின்னணியில் தனியே எடுங்கள். இரண்டு முறையும் ஒன்றுக்கொன்று உண்மையில் உதவும் இடம் இதுதான்.

நம் கடையில் பையன் இப்போதைக்குப் பக்க எண்ணைப் பெயரில் சேர்த்திருக்கிறான். இரண்டாம் பக்கத்தில் வேறு சேலைகள் வருகின்றன. மற்றது பொங்கலுக்குப் பிறகாம். உங்களுக்கும் இப்படியொரு சைட் இருந்தால், பொருளொன்றைப் புதிதாகச் சேர்த்துவிட்டு முதல் இரண்டு பக்கங்களையும் ஒரு தாளில் எழுதி எண்ணிப் பாருங்கள்.