எருமையின் வாலைப் பிடித்து வந்தவன்

"பாம்பைப் பார்த்தால் என்ன செய்வீர்கள்?" ஆறாம் வகுப்பில் கேட்டேன். "அடிச்சுக் கொல்லணும் சார்!" என்றது வகுப்பு. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி மட்டும், "எங்க வீட்ல அடிக்க மாட்டாங்க சார்" என்றாள். சிலர் சிரித்தனர், அவள் தலைகுனிந்தாள். இருளர் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளை. வேப்பம்பட்டைச் சுற்றியுள்ள நம் திருவள்ளூர் மாவட்டப் பள்ளிகள் பலவற்றில் இப்படியொரு குழந்தை இருக்கலாம். அந்தச் சிரிப்பை மாற்ற அறிவுரை போதாது என்று தோன்றியது. அடுத்த நாள் நடத்திய பாடம் இது.

கதை: நீலகிரித் தோடர்கள் சொல்வது. தெய்வம் மண்ணிலிருந்து எருமைகளை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்தது. கடைசி எருமையின் வாலைப் பிடித்தபடி ஒரு மனிதனும் வந்தான். அவனே முதல் தோடர். மானிடவியலாளர் ரிவர்ஸ் 1906-இல் வெளியான தம் நூலில் இதைப் பதிவு செய்துள்ளார்.

கலந்துரையாடல்: முதலில் வந்தது யார்? மனிதன் ஏன் எருமைக்குப் பின்னால் வருகிறான்? இக்கதையைக் கேட்டு வளரும் குழந்தை எருமையை எப்படி நடத்தும்?

நம் அருகில்: இருளர் வழிபடும் கன்னியம்மா நாகத்தோடு இணைத்துப் பார்க்கப்படும் தெய்வம். தடம் பார்த்துப் பாம்பைக் கண்டறியும் அவர்களது அறிவு இன்று உயிர் காக்கிறது. 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் இயங்குகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சை எடுத்தபின் பாம்புகளைக் காட்டில் விடுகிறார்கள். பாம்புக்கடிக்கான மருந்து அந்த நஞ்சிலிருந்தே தயாராகிறது. இருளரான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர்.

செயல்பாடு: விலங்கு, பறவை பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கதை ஒன்றைக் கேட்டு, அவர்கள் பேச்சிலேயே எழுதி வரச் செய்யுங்கள்.

கவனிக்க: எந்தக் குழந்தையையும் எழுப்பி, "உங்க ஆளுங்க கதை சொல்லு" என்று கேட்காதீர்கள். எல்லாரிடமும் கேளுங்கள், அக்குழந்தை விரும்பினால் பேசட்டும். பாம்பைக் கண்டால் விலகி நின்று பெரியவர்களை அழைக்க வேண்டும், கடித்தால் உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

மறுநாள் அம்மாணவி தானாகவே எழுந்து, மணலில் பாம்புத் தடத்தைத் தாத்தா எப்படிப் பார்ப்பார் என்று வாசித்தாள். முதலில் சிரித்தவர்களில் ஒருவன் கேட்டான்: "அது புதுத் தடமா பழைய தடமான்னு எப்படித் தெரியும்?"

"தாத்தாகிட்ட கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றாள்.