நடுரோட்டில் நின்ற சாகாவும் மூன்று அளவைகளும்



சமய வகுப்புப் பிள்ளைகளை ஏற்றி இறக்க நம் கிளையில் ஒரு பழைய புரோட்டோன் சாகா இருக்கிறது. 1985 ஜூலை 9-ஆம் தேதி பிரதமர் மகாதீர் அறிமுகப்படுத்திய அதே வகைதான். நம்முடையது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வந்தது. 1.3 லிட்டர் மிட்சுபிஷி இஞ்சின், கார்புரேட்டர், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டாவது நடையில், பின்னால் மூன்று பேர், முன்னால் ஒருத்தர் என்று நான்கு பிள்ளைகளோடு போகும்போது, பெரிய சாலைச் சந்திப்பில் பச்சை விளக்கு விழுந்த நேரத்தில் இஞ்சின் அணைந்துவிட்டது. பின்னால் ஒரு மணல் லோரி. அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடுத்த வாரமும் அதே போல நின்றது. அதற்கடுத்த வாரமும். பதினான்கு பிள்ளைகள் வந்த வகுப்புக்கு ஒன்பது பேர்தான் வந்தார்கள். பெற்றோரைக் குறை சொல்ல முடியுமா?

இப்படி நின்றால் முதலில் என்ன செய்யணும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இஞ்சின் அணைந்ததும் பிரேக்குக்கு உதவி செய்யும் வெற்றிடம் தீர்ந்துபோகும். ஒன்றிரண்டு மிதிக்குத்தான் அது தாங்கும், அப்புறம் பெடல் கல் மாதிரி ஆகிவிடும். அதனால் விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்திப் பிடியுங்கள். நாலு விளக்கும் மின்னும்படி போட்டு, உருளும் வேகம் இருக்கும்போதே ஓரம் கட்டுங்கள். பிள்ளைகளைச் சாலை இல்லாத பக்கக் கதவு வழியாக இறக்கி, தடுப்புக்கு அந்தப் பக்கம் நிறுத்துங்கள். காரைப் பற்றிய யோசனை அதற்கப்புறம்தான்.

இனி பாடம். சித்தாந்த வகுப்பில் படித்திருப்பீர்கள்: அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் அளவைகளைச் சொல்லும்போது, பலர் பலவிதமாக எண்ணினாலும் காட்சி, கருதல், உரை என்ற மூன்றுக்குள் எல்லாம் அடங்கும் என்கிறார். கண்ணால் நேரே அறிவது காட்சி. புகையை வைத்து நெருப்பை ஊகிப்பது கருதல். நம்பத்தக்க நூலோ பெரியோரோ சொல்வதை ஏற்பது உரை. கடவுளையும் உயிரையும் அறியச் சொன்னதைக் கார் பழுதுக்குப் போய் இழுப்பதா என்று கேட்காதீர்கள். எனக்கு இந்த மூன்றும் உண்மையிலேயே புரிந்தது அந்த சாகாவின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டுதான்.

நாங்கள் செய்த தப்பு இதுதான்: உரையை மட்டும் பிடித்துக்கொண்டோம். அதுவும் எப்பேர்ப்பட்ட உரை! "பேட்டரி வீக்" என்றார் ஒருவர், மாற்றினோம், 180 வெள்ளி. "காயில் சூடாகி நிக்குது" என்றார் இன்னொருவர், 90 வெள்ளி. பெட்ரோல் பம்ப் 120. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவ 150. மொத்தம் 540 வெள்ளி. உணவுச் சந்தையில் நீங்கள் வடை சுட்டு, தண்ணீர் கலக்கி விற்றுச் சேர்த்த காசு அது. யார் சொன்னதும் முழுப் பொய் இல்லை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காரை நிறுத்தும் காரணம்தான். ஆனால் எங்கள் கார் நின்ற நேரத்தில் அவர்களில் ஒருவரும் பக்கத்தில் நின்று பார்க்கவில்லை. நாங்களும் பார்க்கவில்லை, சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அரை மணி நேரம் மரத்தடியில் உட்கார்ந்திருப்போம், அது தானாகவே கிளம்பிவிடும்.

கடைசியில், லோரி பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரைப் பிடித்தோம். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. முதல் கேள்வி: "சாவியப் போட்டா இஞ்சின் சுத்துதா, சுத்தலையா?"

இந்த ஒரு கேள்வி பாதி வழக்கை முடித்துவிடும். சாவியைத் திருப்பினால் 'டக்டக்டக்' என்று வேகமாகத் தட்டினால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப்போயிருக்கும். ஒரே ஒரு 'டக்' வந்து நின்றால் ஸ்டார்ட்டரையோ அதற்குப் போகும் கேபிளையோ பாருங்கள். சந்தேகமாக இருந்தால் முன்விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு செத்துப்போகிற மாதிரி மங்கினால் பேட்டரி பக்கம். விளக்கு அப்படியே பிரகாசமாக இருந்து சத்தமே இல்லையென்றால் ஸ்டார்ட்டர் பக்கம். ஒரு சின்ன மீட்டர் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே போனால் காலி என்று வைத்துக்கொள்ளலாம். இஞ்சின் ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரை வரணும். வரவில்லையென்றால் பேட்டரியை மாற்றிப் பயனில்லை, ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுக்கவில்லை. முனையைச் சுத்தம் செய்ய நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள்.

எங்கள் கார் நன்றாகவே சுற்றியது. அப்படியென்றால் பேட்டரிக்குக் கொடுத்த 180 வெள்ளி முதல் நாளே தேவைப்படாதது. அதைப் பெரியவர் சொல்லாமலே எனக்குப் புரிந்துவிட்டது.

சுற்றியும் கிளம்பவில்லையென்றால் இரண்டே கேள்விதான்: நெருப்பு வருதா, பெட்ரோல் வருதா? இரண்டையும் கார் நின்ற அந்த நேரத்திலேயே பார்க்கணும். ஆறிப்போய் மறுபடி ஓடும் காரில் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். நெருப்பைப் பார்க்க, ஒரு பிளக் வயரைக் கழற்றி உபரி பிளக்கை மாட்டி, அதன் உலோகப் பகுதி இஞ்சினைத் தொடும்படி ரப்பர் கைப்பிடி உள்ள குறடால் பிடித்து, இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். நீலமாகப் பளிச்சென்று பொறி வந்தால் சரி. மங்கிய மஞ்சளாக இருந்தாலோ, வரவே இல்லையென்றாலோ காயில், டிஸ்ட்ரிபியூட்டர், வயர் பக்கம் போங்கள். மழைக்கால விடியலில் மட்டும் கிளம்பாத கார் என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் இருக்கும், உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும். கையால் மட்டும் பிடிக்காதீர்கள், அதில் பாய்வது ஆயிரக்கணக்கான வோல்ட். பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம்.

பெட்ரோலைப் பார்க்க, கார்புரேட்டர் காருக்கு ஓர் எளிய வழி உண்டு. சாவியை அணைத்துவிட்டு ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து, கார்புரேட்டர் வாய்க்குள் பார்த்தபடி ஆக்சிலேட்டர் கம்பியைக் கையால் இழுங்கள். உள்ளே பெட்ரோல் இருந்தால் சின்னப் பீச்சாங்குழல் மாதிரி சீறும். காய்ந்து கிடந்தால் தொட்டிக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் எங்கோ அடைப்பு. கார்புரேட்டருக்குள் பெட்ரோலை ஊற்றிக் கிளப்பும் பழக்கம் சிலருக்கு உண்டு. வேண்டாம், இஞ்சின் திருப்பி வெடித்தால் முகத்தில் தீ.

பெரியவரின் இரண்டாவது கேள்விதான் என்னைத் திக்குமுக்காட வைத்தது. "எப்பலேர்ந்து இப்படி? அதுக்கு முன்னாடி என்னத்த மாத்தினீங்க?" ஒன்றும் மாற்றவில்லை ஐயா என்றேன். "ஞாயித்துக்கெழம மட்டும் ஏன் நிக்குது?" என்றார். கண் பட்டுவிட்டது என்று எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றியதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. (ஆயுத பூசைக்கு வைப்பது வேறு. அது நன்றி. பழுதுக்கு அது பரிகாரம் ஆகாது என்பது என் கருத்து.) அவர் விடவில்லை. "சனிக்கெழம என்ன செய்வீங்க?" எண்ணெய் நிரப்புவோம், தொட்டி நிறைய. வார நாளில் குறைந்த எண்ணெயில் அங்கே இங்கே ஓடும்போது கார் நின்றதே இல்லை. அதைச் சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது: மூன்று மாதத்துக்கு முன் எண்ணெய் நிலையத்தில் தொட்டி மூடியைக் கூரைமேல் வைத்துவிட்டு ஓட்டிப் போய்த் தொலைத்தோம். கடையில் ஒன்று வாங்கிப் போட்டோம். நன்றாக இறுக்கமாக இருக்கிறதே என்று சந்தோஷம் வேறு.

அவரோடு தொட்டியை நிரப்பி ஓட்டினோம். இருபது நிமிடம் தாண்டியதும் இஞ்சின் திணறி நின்றது. பிளக்கில் நீலப் பொறி. கார்புரேட்டர் வாய் காய்ந்து கிடந்தது. அவர் பின்னால் போய்த் தொட்டி மூடியைத் திறந்தார். 'ஸ்ஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுத்தது, எனக்கே கேட்டது. சாவியைத் திருப்பினேன், ஏழெட்டு சுற்றில் கிளம்பிவிட்டது. அரை மணி நேரம் காத்திருக்கவே இல்லை.

காரணம் எளிது. தொட்டியிலிருந்து பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வரணும். அதற்காக மூடியில் ஒரு குட்டி வால்வு இருக்கும். நாங்கள் போட்ட மூடியில் அது இல்லை. காற்று வர வழியில்லாமல் தொட்டிக்குள் வெற்றிடம் கூடிக்கொண்டே போகும், பம்ப் எவ்வளவு உறிஞ்சினாலும் பெட்ரோல் வராது. தொட்டி நிறைந்திருந்தால் மேலே காற்றுக்கு இடமே கொஞ்சம், அதனால் வெற்றிடம் சீக்கிரம் கூடும். பாதித் தொட்டியில் அந்தத் தொல்லை மெதுவாகத்தான் வரும். நின்று அரை மணி ஆனால் எங்காவது கசிந்து காற்று உள்ளே போய்ச் சரியாகிவிடும். அதைத்தான் நாங்கள் 'சூடு ஆறியது' என்று தப்பாக எடுத்துக்கொண்டோம்.

நான் உடனே புது மூடி வாங்க ஓடினேன். பெரியவர் தடுத்தார். "இருங்க தம்பி, ஒரு தடவ தெறந்தா கெளம்பிச்சுன்னு நம்பிறாதீங்க." மூடியை இறுக்கி அதே பாதையில் மறுபடி ஓட்டச் சொன்னார். நின்றது. மூடியை ஒரு சுற்று தளர்த்தி அதே பாதையில் மெதுவாக ஓட்டச் சொன்னார். நிற்கவில்லை. சித்தாந்த வகுப்பில் அன்னுவயம், வெதிரேகம் என்று வரும் அல்லவா? புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு, நெருப்பு இல்லாத இடத்தில் புகை இல்லை. தேர்வுக்காக அதை மனப்பாடம் செய்தவன் நான். இரண்டு பக்கமும் பார்த்தால்தான் ஊகம் உறுதியாகும் என்பதை, அந்தச் சொற்களைக் கேள்விப்பட்டே இராத ஒருவர் எனக்குக் காட்டினார். தளர்ந்த மூடியோடு தினமும் ஓட்டலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. பெட்ரோல் சிந்தும், அது சோதனைக்கு மட்டும்.

இப்போது காரில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். எண்ணெய் ஊற்றிய நாள், அளவு, கிலோமீட்டர், எதை மாற்றினோம், எங்கே நின்றது, வெயிலா மழையா. யார் ஓட்டினாலும் எழுதணும். செயற்குழுக் கூட்டத்தில் அந்த 540 வெள்ளிக்கு நான்தான் எழுந்து கணக்குச் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு, கணக்குப் புத்தகத்தில் அதற்குக் கீழே அடுத்த வரியை எழுதினேன்: தொட்டி மூடி, வால்வு உள்ளது, 18 வெள்ளி.